செல் சவ்வைப் பொருள்கள் கடப்பது எப்படி? ஆற்றல் எங்கே செலவாகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் செவிலியர் படிப்பில் சேர்ந்த முதலாண்டு மாணவிகளுக்கும் உயிரியல் நடத்திவருகிறேன். செல் சவ்வுப் பாடம் வந்தாலே ஆண்டுதோறும் அதே சந்தேகங்கள், ஏறத்தாழ அதே சொற்களில் வந்து சேர்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே எழுதி, விடைகளைத் தொகுத்திருக்கிறேன். பிந்தைய விடைகள் முந்தையவற்றை நம்பி நிற்பதால், முதல் தடவை வரிசையாகவே படிப்பது நல்லது.

1. செல் சவ்வு ஒரு சல்லடை மாதிரிதானே சார்? சின்னது உள்ளே போகும், பெரியது வெளியே நிற்கும், அவ்வளவுதானே?

சல்லடை என்று மனத்தில் பதிந்துவிட்டால் அடுத்து வரும் எதுவும் புரியாது. ஆக்சிஜன் மூலக்கூறைவிடச் சோடியம் அயனி சிறியது. ஆனாலும் ஆக்சிஜன் சவ்வைத் தடையின்றிக் கடக்கிறது. சோடியம் தனியாக விடப்பட்டால் கடக்கவே முடியாத நிலையில் வெளியே நிற்கிறது. அளவு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இது நேர்மாறாக நடந்திருக்க வேண்டும்.

சவ்வின் அடிப்படைப் பொருள் பாஸ்போலிப்பிட். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் தண்ணீரோடு ஒட்டும் தலை ஒன்றும், தண்ணீரைத் தவிர்க்கும் கொழுப்பு வால்கள் இரண்டும் உண்டு. இவை வாலோடு வால் சேர்த்து இரண்டு அடுக்காக நிற்கின்றன. இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பைத் தண்ணீர்ப் பரப்பில் விரித்து, அது அணுக்களின் மேற்பரப்பைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இடத்தை அடைப்பதை 1925-இல் கோர்ட்டரும் கிரெண்டலும் காட்டினார்கள். அந்த அடுக்குகளில் புரதங்கள் மிதக்கின்றன என்ற படத்தை 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் தந்தார்கள். ஆக, நடுவில் சில நானோமீட்டர் தடிமனுக்கு இருப்பது எண்ணெய். எண்ணெயில் கரையும் ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு, ஸ்டீராய்டு ஹார்மோன்கள் போன்றவை அதைக் கடந்துவிடும். மின்னூட்டம் தாங்கிய அயனி தன்னைச் சூழ்ந்திருக்கும் நீர் மூலக்கூறுகளை உதறிவிட்டு எண்ணெய்க்குள் நுழைய வேண்டும். அதற்கு ஆகும் ஆற்றல் மிக அதிகம் என்பதால் அது வெளியிலேயே நின்றுவிடுகிறது. குளுக்கோசுக்கு மின்னூட்டம் இல்லை. ஆனால் தண்ணீரை நாடும் இயல்பு அதிகம் என்பதால் அதுவும் தனியாகக் கடப்பது அரிது.

2. பரவல்னா பொருள் தானாகவே குறைவான இடத்துக்குப் போகுதுன்னு படிக்கிறோம். குறைவான இடம் எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

அதற்குத் தெரியாது. ஒவ்வொரு மூலக்கூறும் வெப்பத்தால் ஓயாமல் ஆடி, மோதி, திசையில்லாமல் அலைகிறது. செறிவு மிகுந்த பக்கத்தில் கூட்டம் அதிகம். அதனால் அங்கிருந்து இந்தப் பக்கம் வந்து விழுபவை அதிகம், இங்கிருந்து அங்கே போய் விழுபவை குறைவு. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவதைத்தான் பரவல் என்கிறோம். இரு பக்கமும் சமமான பிறகும் போக்குவரத்து நிற்பதில்லை, நிகரம் மட்டுமே சுழியாகிறது. விடைத்தாளில் “இயக்கம் நின்றுவிடுகிறது” என்று எழுதினால் மதிப்பெண் போவதற்கு இதுவே காரணம்.

பரவல் குறுகிய தூரத்துக்கு மட்டுமே உதவும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். தண்ணீரில் குளுக்கோஸ் அளவுள்ள ஒரு மூலக்கூறு 10 மைக்ரோமீட்டர் பரவ, அதாவது ஒரு செல்லின் குறுக்களவைக் கடக்க, பத்தில் ஒரு நொடி போதும். 1 மில்லிமீட்டருக்குக் கால் மணி நேரம் அளவில் பிடிக்கும். 1 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகிவிடும், ஏனென்றால் தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. செல்கள் சிறியனவாக இருப்பதற்கும், நம் உடலில் இரத்த ஓட்டம் என்ற ஒன்று தேவைப்படுவதற்கும் இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். ஊதுபத்தி மணம் அறை முழுவதும் பரவுவதைப் பரவலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அதில் பெரும்பங்கு காற்றோட்டத்தின் வேலை என்பதால் நான் அதை வகுப்பில் சொல்வதை விட்டுவிட்டேன். அசையாமல் வைத்த தண்ணீரில் ஒரு துளி மை மெல்ல விரிவதுதான் இன்னும் நேர்மையான காட்சி.

3. ஆற்றல் சாராக் கடத்தல்னா அதில் ஆற்றலே கிடையாதா? ஆற்றல் இல்லாம எது நகரும்?

நல்ல கேள்வி, பாடநூற் சொல்லே இந்தக் குழப்பத்தை உண்டாக்குகிறது. ஆற்றல் உண்டு, அந்த நேரத்தில் செல் தன் கையிலிருந்து ஏடிபியை (செல் ஆற்றலைச் சேமித்துச் செலவழிக்கும் மூலக்கூறு) செலவழிப்பதில்லை என்பதே அந்தச் சொல்லின் பொருள். மூலக்கூறுகளின் வெப்ப அசைவும், இரு பக்கத்துச் செறிவு வேறுபாடும், அயனியானால் மின்னழுத்த வேறுபாடும் வேலையை முடித்துவிடுகின்றன.

வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்தால் மோட்டார் ஓடாமலே தண்ணீர் வருகிறது. மின்சாரம் இல்லாத நேரத்திலும் வரும். ஆனால் தொட்டிக்குத் தண்ணீர் ஏறியது மோட்டாரால்தான். குழாயில் வருவது ஆற்றல் சாராக் கடத்தல், மோட்டார் ஏற்றுவது ஆற்றல் சார் கடத்தல். சவ்வில் ஏதாவது ஒரு பொருள் சும்மா பாய்கிறது என்று படிக்கும்போதெல்லாம் “தொட்டியை நிரப்பியது யார்?” என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். இந்தப் பாடத்தின் கடினமான கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கேள்வியில் அவிழ்ந்துவிடும்.

4. புரதம் வழியாப் போனாலே ஏடிபி செலவாகும்தானே?

இல்லை. நான் திருத்தும் விடைத்தாள்களில் மிக அதிகமாகக் காணும் பிழை இதுதான். ஆற்றல் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது, பொருள் இறக்கத்தில் (செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு) போகிறதா, ஏற்றத்தில் (அதற்கு எதிராக) போகிறதா என்பது மட்டுமே. வழியில் புரதம் இருப்பதும் இல்லாததும் அதைத் தீர்மானிப்பதில்லை. இறக்கத்தில் போகும் ஒன்றுக்குப் புரதம் வழிவிட்டால் அது எளிதாக்கப்பட்ட பரவல். அதற்கு ஏடிபி வேண்டாம்.

அப்படி வழிவிடும் புரதங்கள் இரு வகை. கால்வாய்ப் புரதம் திறந்த பாதைபோல் இருக்கும். அதன் வழியே நொடிக்குக் கோடி அயனிகள்கூடப் பாயும். தாங்கிப் புரதம் பொருளை ஒரு பக்கத்தில் பற்றி, தன் வடிவத்தை மாற்றி, மறுபக்கத்தில் விடும். ஒவ்வொரு முறையும் வடிவம் மாற வேண்டியிருப்பதால் அதன் வேகம் பல மடங்கு குறைவு. சிவப்பணுவின் சவ்விலுள்ள குளுட்-1 என்ற தாங்கிப் புரதம் குளுக்கோசை இப்படித்தான் உள்ளே விடுகிறது. உள்ளே வந்த குளுக்கோசுடன் செல் உடனே ஒரு பாஸ்பேட்டைச் சேர்த்துவிடுவதால் உள்ளே தனிக் குளுக்கோசின் செறிவு எப்போதும் தாழ்ந்தே இருக்கிறது, இறக்கம் நீடிக்கிறது. அந்தப் பாஸ்பேட்டைச் சேர்க்க ஏடிபி செலவாவது உண்மை. ஆனால் அது கடத்தலுக்கான செலவு அல்ல, அடுத்து நடக்கும் வேதிவினைக்கான செலவு.

கால்வாய் என்றால் எதையும் விடும் துளை என்றும் எண்ண வேண்டாம். பொட்டாசியம் கால்வாய், பொட்டாசியத்தைவிடச் சிறிய சோடியத்தைத் தடுத்துவிடுகிறது. கால்வாயின் ஒடுங்கிய பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் சரியாகப் பொட்டாசியத்தின் அளவுக்கு வரிசையாக நிற்கின்றன. நீர்ப்போர்வையைக் கழற்றும் பொட்டாசியத்துக்கு அவை அந்தப் போர்வைக்கு ஈடாகின்றன. சோடியத்துக்கு அந்த இடைவெளி தொளதொளவென்று இருப்பதால் ஈடு கிடைப்பதில்லை; அது போர்வையைக் கழற்றாமல் வெளியிலேயே நிற்கிறது. இந்த அமைப்பை 1998-இல் கண்டுகாட்டிய ராடெரிக் மெக்கின்னனுக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

5. சாதாரணப் பரவலா, எளிதாக்கப்பட்ட பரவலான்னு வரைபடத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது?

வெளிச்செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் சாதாரணப் பரவலின் வேகம் நேர்கோடாக ஏறிக்கொண்டே இருக்கும். தாங்கிப் புரதத்தின் வழியே என்றால் ஓரளவுக்கு மேல் கோடு வளைந்து தட்டையாகிவிடும், ஏனென்றால் இருக்கும் புரதங்கள் எல்லாம் நிரம்பிவிடுகின்றன. நிறைவுநிலை, பொருள் தேர்வு, தடுப்பானால் நிற்பது ஆகிய மூன்றும் புரதம் இருப்பதற்கான அடையாளங்கள். இவை ஆற்றலுக்கான அடையாளங்கள் அல்ல. 4-ஆம் விடையை மறக்க வேண்டாம்.

6. இன்சுலின் இருந்தால்தான் குளுக்கோஸ் செல்லுக்குள் போகும் என்கிறார்கள். அப்படியானால் அது ஆற்றல் சார் கடத்தல்தானே?

தசையிலும் கொழுப்புத் திசுவிலும் குளுட்-4 என்ற புரதம், தேவைப்படாத நேரத்தில் செல்லுக்குள் சிறு பைகளில் அடைந்து கிடக்கிறது. இன்சுலின் செய்தி வந்தவுடன் அந்தப் பைகள் சவ்வோடு வந்து இணைகின்றன, கதவுகளின் எண்ணிக்கை கூடுகிறது. கதவைக் கொண்டுவந்து பொருத்த ஏடிபி செலவாகிறது. பொருத்திய கதவின் வழியே குளுக்கோஸ் நுழைவது இறக்கத்தில்தான். அது எளிதாக்கப்பட்ட பரவலே. “எல்லாச் செல்லுக்கும் இன்சுலின் வேண்டும்” என்பதும் தவறு. சிவப்பணுக்களும் மூளையும் குளுக்கோசைப் பெற அதை எதிர்பார்ப்பதில்லை.

7. சவ்வூடு பரவலில் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகும்? ஒவ்வொரு தேர்விலும் மாற்றி எழுதிவிடுகிறேன்.

“தாழ் செறிவிலிருந்து உயர் செறிவுக்கு” என்று மனப்பாடம் செய்வதால்தான் மாறிப்போகிறது. அந்தச் செறிவு கரைந்த பொருளின் செறிவு, நகர்வதோ தண்ணீர். தண்ணீரின் பக்கம் நின்று பார்த்தால் குழப்பமே இல்லை: கரைபொருள் குறைந்த பக்கத்தில் தண்ணீர் தாராளமாக இருக்கிறது, அங்கிருந்து தண்ணீர் குறைந்த பக்கத்துக்குப் போகிறது. ஊறவைத்த உலர் திராட்சை உப்புவதும், உப்புத் தூவிய பாகற்காய்த் துண்டுகள் சற்று நேரத்தில் நீர்விட்டுத் துவள்வதும் இந்த ஒரே விதிதான்.

பள்ளி ஆய்வகத்தில் இதைக் கண்ணால் காண ரியோ இலையைவிடச் சிறந்தது இல்லை. இலையின் அடிப்புறத்து ஊதா நிறத் தோலை நகத்தளவு உரித்து, கண்ணாடிச் சில்லில் ஒரு துளி தண்ணீரில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். அறுகோணக் கட்டங்கள் முழுவதும் ஊதாச் சாறு நிரம்பி, சுவரோடு ஒட்டி நிற்கும். இப்போது மூடுசில்லின் ஒரு விளிம்பில் செறிந்த உப்புக் கரைசலைத் துளியாக விட்டு, எதிர் விளிம்பில் வடிதாளை ஒட்டி இழுத்துவிடுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் முதலில் மூலைகளிலிருந்து விலகும். பிறகு எல்லாப் பக்கமும் சுருங்கி, கட்டத்தின் நடுவே அடர்ந்த உருண்டையாக நிற்கும். கட்டம் மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் விலகியது சவ்வு. செல் சுவர் அன்று. இதுவே பிளாஸ்மாச் சிதைவு. மறுபடி நல்ல தண்ணீரை அதே வழியில் செலுத்தினால் ஊதா உருண்டை விரிந்து மூலைகளை நிரப்பும். அதிக நேரம் உப்பில் விட்டுவிட்டால் திரும்பாது, செல் செத்துவிடும். பிள்ளைகள் இதை அவசரமாக ஒரு தரம் எட்டிப்பார்த்துவிட்டுப் படம் வரைவதைவிட, மாற்றம் நடக்கும்போது கண்ணை எடுக்காமல் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

செல் சுவர் இல்லாத சிவப்பணுவைத் தண்ணீரில் இட்டால் அது உப்பி வெடித்துவிடும். 0.9 விழுக்காடு உப்புக் கரைசலில் அதன் உருவம் மாறுவதில்லை. தாவரச் செல்லுக்குச் சுவர் எதிர்த்துத் தாங்குவதால் வெடிப்பு இல்லை, விறைப்பு மட்டுமே.

8. முதல் விடையில் நடுவில் எண்ணெய் என்றீர்கள். அப்புறம் தண்ணீர் மட்டும் எப்படிக் கடக்கிறது?

தண்ணீர் மூலக்கூறு மிகச் சிறியது, மின்னூட்டமும் இல்லை. ஆகவே எண்ணெய் அடுக்கின் வழியாகவே கொஞ்சம் கசிகிறது. ஆனால் சில திசுக்களில் தண்ணீர் கடக்கும் வேகம் அந்தக் கசிவுக்கு அடங்காத அளவு அதிகம். 1992-இல் பீட்டர் ஏகரின் குழு சிவப்பணுவிலிருந்து பிரித்த ஒரு புரதத்தைத் தவளை முட்டையில் உருவாகச் செய்து, அந்த முட்டையை நீர்த்த கரைசலில் இட்டது. சாதாரண முட்டை அப்படியே இருக்க, இது விரைவில் உப்பி வெடித்தது. அக்வாபோரின் என்ற அந்த நீர்க்கால்வாய் ஒன்றின் வழியே நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் செல்கின்றன. மெக்கின்னனோடு 2003-இல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர் இந்த ஏகரே.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். சிறுநீராக வெளியேறுவது பொதுவாக ஒன்றரை லிட்டர் அளவே. மீதியெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுவதில் இந்தக் கால்வாய்களுக்குப் பெரும்பங்கு உண்டு. நீரை மிச்சப்படுத்த வேண்டும் என்ற ஹார்மோன் செய்தி வந்ததும், 6-ஆம் விடையில் சொன்ன குளுட்-4 போலவே, பைகளில் கிடக்கும் அக்வாபோரின்கள் சவ்வுக்கு வருகின்றன.

9. சோடியம் பொட்டாசியம் பம்பு மூன்றை வெளியே தள்ளி இரண்டை உள்ளே எடுக்கிறது என்று மனப்பாடமாகத் தெரியும். ஆனால் எதற்காக இந்தப் பாடு?

முதலில் அளவுகளைப் பாருங்கள். செல்லுக்கு வெளியே சோடியம் லிட்டருக்கு 145 மில்லிமோல் அளவில், உள்ளே 12 அளவில். பொட்டாசியம் நேர்மாறாக உள்ளே 140, வெளியே 4. கால்வாய்கள் வழியே இரண்டும் ஓயாமல் கசிகின்றன. கசிந்ததைத் திரும்ப ஏற்றாவிட்டால் இந்த வேறுபாடு கரைந்துபோகும். ஏற்றும் மோட்டார்தான் இந்தப் பம்பு. உள்பக்கம் திறந்த நிலையில் மூன்று சோடியம் வந்து பொருந்துகின்றன. ஏடிபியின் பாஸ்பேட் ஒன்று புரதத்தில் ஒட்டுகிறது. புரதம் வடிவம் மாறி வெளிப்பக்கம் திறந்து சோடியத்தை விடுகிறது. இரண்டு பொட்டாசியம் வந்து பொருந்த, பாஸ்பேட் கழல்கிறது. புரதம் பழைய வடிவத்துக்குத் திரும்பிப் பொட்டாசியத்தை உள்ளே விடுகிறது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ நண்டின் கால் நரம்புகளை வைத்து 1957-இல் இதைக் கண்டறிந்தார். நோபல் பரிசு வந்தது நாற்பது ஆண்டு கழித்து, 1997-இல்.

நாம் சும்மா படுத்திருக்கும்போதே உடல் செலவழிக்கும் ஏடிபியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பம்புக்குப் போகிறது. அவ்வளவு செலவழித்து நிரப்பிய தொட்டியிலிருந்துதான் நரம்புத் துடிப்பும், குடலில் உணவு உறிஞ்சப்படுவதும், இன்னும் எத்தனையோ வேலைகளும் நடக்கின்றன. 11, 12, 16-ஆம் விடைகள் எல்லாம் இதையே சுற்றி வருகின்றன.

10. பம்பு நின்றுபோனால் என்ன ஆகும்? நேரில் பார்க்க ஏதாவது எடுத்துக்காட்டு உண்டா?

இரத்த வங்கியில் உண்டு. சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில் வைப்பதால் பம்பு ஏறத்தாழ முடங்கிவிடுகிறது, கசிவு மட்டும் தொடர்கிறது. அதனால் நாள் ஆக ஆக, பையிலுள்ள திரவத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும். பச்சிளங்குழந்தைக்கு அதிக அளவில் இரத்தம் ஏற்றும்போது புதிதாகச் சேகரித்த பையைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். உடலுக்குள் சென்று வெப்பமடைந்த பின் பம்பு மீண்டும் ஓடத் தொடங்குகிறது.

இன்னொரு விளைவு வீக்கம். வெளியேற முடியாத புரதங்கள் செல்லுக்குள் நிறைய இருப்பதால், சோடியத்தை வெளியே நிறுத்திவைக்கும் பம்பு நின்றால் சோடியம் உள்ளே வந்து சேர்கிறது, 7-ஆம் விடையின் விதிப்படி தண்ணீரும் தொடர்கிறது. இரத்த ஓட்டம் தடைப்பட்ட மூளைப் பகுதியில் செல்கள் வீங்குவது இப்படித்தான். மஞ்சள் அரளியின் நஞ்சும், இதயநோய்க்குத் தரும் டிகாக்சின் மருந்தும் இதே பம்பைப் பற்றித் தடுப்பவை. மருந்தில் அளவு மிக நுண்ணியது. அரளி விதையிலோ அளவு யார் கையிலும் இல்லை. எனவே சிறு குழந்தைகள் விளையாடும் இடத்தில் அந்தச் செடி வேண்டாம்.

11. குடலில் குளுக்கோஸ் ஏடிபி இல்லாமலே செறிவுக்கு எதிராக ஏறுகிறதாம். இது எந்த வகை?

ஆற்றல் சார் கடத்தல்தான், ஆனால் இரண்டாம் நிலை. குடல் செல்லின் உணவுப் பக்கத்துச் சவ்வில் இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோசும் சேர்ந்து நுழையும் புரதம் ஒன்று இருக்கிறது. சோடியம் தன் இறக்கத்தில் பாயும் வேகத்தில் குளுக்கோசை ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு வருகிறது; இதையே இணைகடத்தல் என்கிறோம். புரதம் ஏடிபியைத் தொடுவதே இல்லை. ஆனால் சோடியத்துக்கு அந்த இறக்கத்தை உண்டாக்கியது செல்லின் மறுபக்கத்தில் ஓடும் பம்பு. தொட்டித் தண்ணீர் கீழே பாயும்போது ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி இன்னொரு வாளியை மேலே தூக்குவதுபோல. இரண்டும் இப்படிப் பிணைந்தவை என்ற கருத்தை 1960-இல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன் முன்வைத்தார்.

செல்லுக்குள் சேர்ந்த குளுக்கோஸ் இரத்தப் பக்கத்துக்கு வெளியேறுவது எளிதாக்கப்பட்ட பரவலால். ஒரே செல்லின் ஒரு பக்கம் ஒரு வகை, மறுபக்கம் வேறு வகை. “குளுக்கோஸ் எந்த முறையில் கடத்தப்படுகிறது?” என்று மொட்டையாகக் கேட்டால், எந்தச் சவ்வில் என்று திருப்பிக் கேட்பதே சரியான முதல் விடை.

12. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாதா? ஓஆர்எஸ்ஸில் சர்க்கரை எதற்கு, தெம்புக்கா?

ஒரு மாணவியின் தாய் கேட்டது இது. சர்க்கரை இங்கே தெம்புக்கு அன்று, சோடியத்துக்கு வழித்துணையாக. எடுத்துக்காட்டாக, காலரா நச்சு குடல் செல்லின் குளோரைடு கால்வாய்களைத் திறந்துவைத்துவிடுகிறது. குளோரைடு வெளியேற, சோடியமும் தண்ணீரும் பின்தொடர்ந்து கொட்டுகின்றன. அந்த நச்சைக் கொல்கத்தாவில் சம்புநாத் தே 1959-இல் கண்டுபிடித்தார். ஆனால் 11-ஆம் விடையில் சொன்ன சோடியம்-குளுக்கோஸ் புரதத்தை அந்த நச்சு கெடுப்பதில்லை. குளுக்கோசும் உப்பும் சேர்த்துக் கொடுத்தால் அந்த வழியாகச் சோடியம் உள்ளே போகிறது, தண்ணீர் அதைப் பின்தொடர்கிறது. உப்பு இல்லாத தண்ணீரால் இழந்த சோடியத்தை ஈடுகட்ட முடியாது.

1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையோரத்து பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, ஊசிவழித் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பாடத்தில் ஒரு வரியாக வரும் இணைகடத்தல் எத்தனை பிள்ளைகளை உயிரோடு வைத்திருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம், இந்த வகுப்பை அவசரமாக முடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய அளவுப்படி ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். குளுக்கோசும் சோடியமும் லிட்டருக்குத் தலா 75 மில்லிமோல். சுவைக்காகக் கூடுதல் சர்க்கரை சேர்த்தால் குடலுக்குள் செறிவு ஏறி, தண்ணீர் உடலிலிருந்து குடலுக்கு இழுபடும், போக்கு அதிகமாகும். எனவே பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும், வேறெதையும் சேர்க்கக் கூடாது.

13. எண்டோசைட்டோசிஸில் பொருள் சவ்வைக் கடக்கவே இல்லையே, அதை ஏன் கடத்தல் என்கிறோம்?

நுட்பமாகக் கவனித்திருக்கிறீர்கள். சவ்வு உள்வாங்கி, பையாகக் கிள்ளப்பட்டு உள்ளே வரும்போது, பைக்குள் இருக்கும் பொருள் இன்னும் எண்ணெய் அடுக்கைத் தாண்டவில்லை; ஒரு கணக்கில் அது இன்னும் வெளியில்தான் இருக்கிறது. பைக்குள் செரிக்கப்பட்ட பிறகு சிறு மூலக்கூறுகள் மேலே சொன்ன புரதங்களின் வழியே உண்மையாகக் கடக்கின்றன. மொத்தமாக இடம்பெயர்வதால் இதைப் பெருங்கடத்தல் என்கிறோம். சவ்வை வளைக்கவும் கிள்ளவும் பையை நகர்த்தவும் ஆற்றல் வேண்டும் என்பதால் ஆற்றல் சார்ந்ததில் சேர்க்கிறோம். செறிவு ஏற்ற இறக்கம் இங்கே பேச்சே இல்லை.

14. ஐந்து விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் சம செறிவுக் கரைசல் என்கிறார்கள். அதே நேரம் அதை ஏற்றினால் தண்ணீர் ஏற்றியதற்குச் சமம் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, வெவ்வேறு நேரத்துக்கு. டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோசின் இன்னொரு பெயர்தான். புட்டியில் இருக்கும்போது அதன் மொத்தத் துகள் செறிவு இரத்தத்தின் செறிவுக்கு அருகில் இருப்பதால், இரத்தக் குழாயில் ஏறியவுடன் சிவப்பணுக்கள் வெடிப்பதில்லை. பிறகு குளுக்கோஸ் செல்களுக்குள் சென்று எரிக்கப்பட்டுவிடுகிறது. மிஞ்சுவது தண்ணீர் மட்டுமே, அது செல்களுக்குள்ளும் பரவும். 0.9 விழுக்காடு உப்புக் கரைசலின் சோடியத்தைப் பம்பு வெளியிலேயே நிறுத்துவதால் அந்தத் தண்ணீர் செல்லுக்கு வெளியே தங்குகிறது.

செல் வீங்குமா சுருங்குமா என்பதைத் தீர்மானிப்பது மொத்தச் செறிவு அன்று, சவ்வைக் கடக்க முடியாத துகள்களின் செறிவு. யூரியாவை இரத்தத்துக்குச் சமமான செறிவில் கரைத்து அதில் சிவப்பணுக்களை இட்டால் அவை வெடித்துவிடும், ஏனென்றால் யூரியா உள்ளே நுழைந்துவிடுகிறது, தண்ணீரும் கூடவே நுழைகிறது. எந்த நோயாளிக்கு எந்தத் திரவம் என்பது மருத்துவர் முடிவு செய்வது. காரணத்தைப் புரிந்துகொண்டு புட்டியைத் தொங்கவிடுவது செவிலியருக்கு அழகு.

15. வேர் ஆற்றலைச் செலவழித்துத் தண்ணீரை உறிஞ்சுகிறதா?

தண்ணீரை நேரடியாக ஏற்றும் பம்பு எந்த உயிரினத்திலும் அறியப்படவில்லை. வேர் செல்கள் ஏடிபியைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகின்றன. அந்த இறக்கத்தைப் பயன்படுத்தித் தாது உப்புகளை உள்ளே எடுக்கின்றன. தண்ணீர் சவ்வூடு பரவலால் தொடர்கிறது. விலங்குச் செல்லில் சோடியம் செய்யும் வேலையைத் தாவரத்தில் ஹைட்ரஜன் அயனி செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பகலில் தண்ணீரை மேலே இழுப்பது பெரும்பாலும் இலைகளின் நீராவிப்போக்கு.

பிச்சாவரத்துக்குச் சுற்றுலா போனால் இதன் கடினமான வடிவத்தைப் பார்க்கலாம். உப்புநீரில் நிற்கும் சுரபுன்னை, உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. வெண்கண்டல் ஓரளவு உப்பை உள்ளே விட்டு, இலையிலுள்ள உப்புச் சுரப்பிகள் வழியே ஆற்றலைச் செலவழித்து வெளியேற்றுகிறது. வெயில் நேரத்தில் அதன் இலையை விரலால் தடவினால் நறநறவென்று உப்புத் தட்டுப்படும்.

16. நரம்புத் துடிப்பின்போது சோடியம் உள்ளே பாய்வது பம்பின் வேலைதானே? பம்பை நிறுத்தினால் துடிப்பு உடனே நின்றுவிடும்தானே?

இரண்டு கேள்விக்கும் என் விடை, “இல்லை” என்பதே. துடிப்பின்போது சோடியம் கால்வாய்கள் திறக்க, சோடியம் தன் இறக்கத்தில் உள்ளே பாய்கிறது. அடுத்துப் பொட்டாசியம் கால்வாய்கள் வழியே பொட்டாசியம் வெளியே பாய்கிறது. இரண்டுமே ஆற்றல் சாராக் கடத்தல்கள். பம்பு சோடியத்தை எப்போதும் வெளியே தள்ளுமே தவிர உள்ளே விடுவதில்லை, துடிப்பின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவும் முடியாது.

கணவாய் மீனின் பருத்த நரம்பிழையில் பம்பை நஞ்சால் நிறுத்திய பிறகும் ஆயிரக்கணக்கான துடிப்புகளை எழுப்ப முடிந்தது, ஏனென்றால் ஒரு துடிப்பில் இடம் மாறும் அயனிகள் மொத்தக் கையிருப்பில் மிகச் சிறு பங்கு. மோட்டார் நின்றவுடன் குழாய் நிற்பதில்லை; தொட்டி வற்றும்வரை வரும். நரம்பிழை மெல்லியதாக இருந்தால் தொட்டி சிறியது, விரைவில் வற்றும். தேர்வில் “சயனைடு கொடுத்தால் எந்தக் கடத்தல் முதலில் பாதிக்கப்படும்?” என்று வந்தால், முதலில் பம்பு, சற்றுப் பிந்தி 11-ஆம் விடையின் இணைகடத்தல், இறக்கம் தேய்ந்த பிறகு கால்வாய்வழிப் பாய்ச்சல் என்று இந்த வரிசையிலேயே எழுதுங்கள். ஆக்சிஜன் சவ்வைக் கடப்பது மட்டும் நிற்காது. சயனைடு நிறுத்துவது, ஏடிபி தயாரிக்க அதைச் செல் பயன்படுத்துவதை.